துப்பாக்கிக் கட்டை சீரமைப்பு

துப்பாக்கிக் கட்டை சீரமைப்பு என்பது, ரைபிள் போன்ற நீண்ட குழல் துப்பாக்கிகளின் மரப்பகுதியில் ஏற்படும் விரிசல், பிளவு, முறிவு ஆகியவற்றைச் சரிசெய்து, அம்மரம் மீண்டும் சுமை தாங்கும்படி செய்யும் பணி ஆகும். இது தச்சுக்கலையும் துப்பாக்கித் தொழிலும் சந்திக்கும் ஒரு துறை. உடைந்த நாற்காலிக் காலை ஒட்டுவதற்கும் இதற்கும் முதன்மையான வேறுபாடு ஒன்று உண்டு. நாற்காலியின் கால் பெரும்பாலும் மெதுவாக ஏறும் எடையைத் தாங்குகிறது. துப்பாக்கிக் கட்டையோ ஒவ்வொரு முறை சுடும்போதும் சம்மட்டி அடி போன்ற திடீர்த் தாக்குதலைத் தாங்குகிறது. எனவே முறிந்த இடத்தை ஒட்டுவது பணியின் ஒரு பாதி மட்டுமே. அந்த இடத்தில் மரம் ஏன் முறிந்தது என்பதைக் கண்டறிந்து அக்காரணத்தை நீக்காவிட்டால், எவ்வளவு வலிமையான பசையைப் பயன்படுத்தினாலும் அதே விரிசல் ஒட்டிய கோட்டுக்குப் பக்கத்திலேயே மீண்டும் தோன்றும்.

இக்கட்டுரை, பிரித்தானியப் பேரரசின் படைகளிலும் பின்னர் இந்தியக் காவல்துறைகளிலும் நீண்டகாலம் பயன்பட்ட லீ-என்பீல்டு 0.303 அங்குல ரைபிளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. மற்ற வகைகள் தேவைப்படும் இடங்களில் மட்டும் குறிப்பிடப்படுகின்றன.

கட்டையின் அமைப்பு

ரைபிளின் கட்டை மூன்று வேலைகளைச் செய்கிறது. குழலையும், தோட்டாவை ஏற்றிச் சுடும் பொறிகளைக் கொண்ட உலோக உடலையும் ஏந்திப் பிடிக்கிறது. சுடுபவரின் கைகளுக்கும் தோளுக்கும் பிடிமானம் தருகிறது. சுடும்போது எழும் பின்னுதைவை உலோகத்திலிருந்து வாங்கித் தோளுக்குக் கடத்துகிறது. தோளில் பதியும் பகுதி பின்கட்டை எனப்படும். குழலுக்குக் கீழே செல்வது முன்கட்டை. விசைக்குப் பின்னால் கைப்பிடிக்காக மெலிந்திருக்கும் இடம் கழுத்து. கட்டை முழுவதிலும் மிக மெல்லியதும், அதிக வளைவிசையைத் தாங்க வேண்டியதும் இந்தக் கழுத்தே ஆகும்.

கட்டைகள் அமைப்பால் இருவகைப்படும். செருமனியின் மவுசர் 98, உருசியாவின் மோசின்-நாகாந்து போன்றவற்றில் முன்கட்டையும் பின்கட்டையும் ஒரே மரத்தில் கடையப்பட்டவை. லீ-என்பீல்டில் இவை இரண்டும் தனித்தனித் துண்டுகள். உலோக உடலின் பின்புறம் உள்ள பொருத்துகுழியில் பின்கட்டையின் முனை நுழைய, கட்டையின் உள்ளே நீளவாக்கில் செல்லும் ஒரு பெரிய திருகாணி அதை இறுக்கிப் பிடிக்கிறது. இதனால் பின்கட்டை உடைந்தால் அதை மட்டும் மாற்ற முடிந்தது. போர்வீரரின் உடல் அளவுக்கு ஏற்ப அரை அங்குல வேறுபாட்டில் பல நீளங்களில் பின்கட்டைகள் வழங்கப்பட்டதும் இந்த அமைப்பினால்தான்.

கட்டைக்கு மிகவும் விரும்பப்பட்ட மரம் அக்ரூட். அது மிதமான எடை கொண்டது, அதிர்ச்சியைத் தாங்கும், உளிக்கு நன்றாகப் பணியும், உலர்ந்தபின் வடிவம் எளிதில் மாறாது. பீச், பிர்ச் ஆகியவையும் பெருமளவில் பயன்பட்டன. ஆத்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை குயின்சுலாந்து மேப்பிள், கோச்வுட் ஆகிய உள்நாட்டு மரங்களைப் பயன்படுத்தியது. இந்தியாவில் அக்ரூட் மரம் இமயமலைப் பகுதிகளிலிருந்து, குறிப்பாகக் காசுமீரிலிருந்து கிடைத்தது.

ரேகையும் வலிமையும்

தச்சர்கள் ரேகை என்று சொல்லும் மரநார்களின் ஓட்டமே கட்டையின் வலிமையைத் தீர்மானிக்கிறது. மரத்தை நார்களின் போக்கில் இழுத்தால் அது தாங்கும் விசையில், நார்களுக்குக் குறுக்காக இழுக்கும்போது இருபதில் ஒரு பங்கைக் கூடத் தாங்குவது அரிது. விறகைக் கோடரியால் நெடுக்காகப் பிளப்பது எளிதாகவும், குறுக்காக வெட்டுவது கடினமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

துப்பாக்கிக் கட்டை நேரான பலகை அன்று. கழுத்தருகே அது கீழ்நோக்கி வளைகிறது. கட்டை அறுக்கப்பட்ட பலகையில் ரேகையும் கழுத்தின் போக்கிலேயே சென்றால் நார்கள் அறுபடாமல் முன்னும் பின்னும் தொடரும். ரேகை கழுத்தைக் குறுக்காகக் கடந்தால், அங்கே நார்கள் குட்டையாக அறுபட்டு, மரம் ஏறத்தாழ ஒட்டப்பட்ட சீட்டுக்கட்டு போல ஆகிவிடும். அழகான அலைரேகை கொண்ட விலையுயர்ந்த வேட்டைத் துப்பாக்கிக் கட்டைகள், எளிய நேர்ரேகை கொண்ட படைத்துறைக் கட்டைகளைவிட அடிக்கடி கழுத்தில் முறிவதற்கு இதுவும் ஒரு காரணம். வாங்குபவர் அழகைப் பார்க்கிறார். பின்னுதைவு ரேகையை மட்டுமே பார்க்கிறது.

முறிவின் காரணங்கள்

பின்னுதைவின் அளவை ஒரு சிறு கணக்கின் மூலம் உணரலாம். 0.303 அங்குல மார்க் 7 தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 11.3 கிராம் எடை கொண்டது. நொடிக்கு ஏறத்தாழ 744 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது. குண்டின் உந்தம் மட்டும் 8.4 கிலோகிராம்-மீட்டர்/நொடி. வெடிமருந்து வளிமங்களின் உந்தத்தையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 11 ஆகும். 4 கிலோகிராம் எடையுள்ள ரைபிள் இதே உந்தத்தை எதிர்த்திசையில் பெறுவதால், நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் பாய்கிறது. இதன் ஆற்றல் சுமார் 16 சூல். இவ்வாற்றல் பெரிதன்று, ஒன்றரைக் கிலோ எடையுள்ள பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைப் போன்றதே. ஆனால் இந்த உந்தத்தின் பெரும்பகுதி, குண்டு குழலுக்குள் இருக்கும் ஒன்றரை மில்லிநொடி அளவான நேரத்திற்குள் உலோகத்துக்கு வந்துவிடுகிறது. அந்நேரத்தில் உலோக உடலின் மீது செயல்படும் சராசரி விசை 6000 நியூட்டனை எட்டும், அதாவது 600 கிலோகிராம் எடைக்கு நிகராகும். மரத்தைத் தன்னோடு இழுத்துச் செல்ல உலோகம் அதில் ஒரு பகுதியை மரத்தின் மீது செலுத்துகிறது. இந்த விசை எந்த இடத்தில், எவ்வளவு பரப்பில் மரத்தைத் தொடுகிறது என்பதே அடிப்படைக் கேள்வி.

மவுசர் 98 ரைபிளில் உலோக உடலின் அடியில் உள்ள தடித்த புடைப்பு ஒன்று மரத்தில் வெட்டிய பள்ளத்தில் அமர்ந்து விசையைக் கடத்துகிறது. அப்புடைப்புக்குப் பின்னால் கட்டையின் குறுக்கே ஓர் எஃகுத் தண்டு செல்கிறது. லீ-என்பீல்டின் முன்கட்டையில் பின்முனையருகே இருபுறமும் உள்ள இரண்டு சிறிய மரமுகங்களே இவ்வேலையைச் செய்கின்றன. இவை இங்கே தாங்குமுகங்கள் எனப்படுகின்றன. இவற்றின் பரப்பு மிகக் குறைவு. பெருவிரல் நகங்கள் இரண்டை அருகருகே வைத்து எண்ணிக்கொள்ளலாம். இம்முகங்கள் உலோகத்தோடு முழுமையாகப் பொருந்தி இருக்கும்வரை பழுது இல்லை. மரம் சுருங்கினாலோ நசுங்கினாலோ இடையில் மயிரிழை அளவு இடைவெளி தோன்றும். அதன்பின் உலோகம் மரத்தைத் தள்ளுவதில்லை, அடிக்கிறது. ஒவ்வொரு அடியும் இடைவெளியை மேலும் அகலமாக்கும். விசை தனக்குரிய பாதையை விட்டு விலகித் திருகாணிகளின் மீதும், முன்கட்டையின் மெல்லிய பின்முனையின் மீதும் விழும். பின்முனை நெடுக்காகப் பிளக்கும்.

இச்சுருக்கத்திற்கு ஈரப்பத மாற்றமே காரணம். மரம் நார்ப்போக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. குறுக்குவாக்கில் பல விழுக்காடு சுருங்கும். மழைக்காலத்தில் இறுக்கமாக இருந்த திருகாணி, அடுத்த கோடையில் தளர்ந்திருக்கும். ஆகையால்தான் சுடுவதற்கு முன் கட்டைத் திருகாணிகளின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது துப்பாக்கிப் பராமரிப்பின் முதற்பாடங்களுள் ஒன்றாக உள்ளது. தளர்ந்த திருகாணியோடு சுடப்பட்ட ஒரே நாளில் நல்ல கட்டை பிளந்துவிடக்கூடும்.

எண்ணெய் இரண்டாவது எதிரி. துப்பாக்கியை மூலையில் குழல் மேல்நோக்கியபடி சாய்த்து வைக்கும் வழக்கத்தால், உலோகத்தில் இட்ட கனிம எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கீழிறங்கி, கழுத்தருகே மரத்தினுள் ஊறுகிறது. எண்ணெய் ஊறிய மரம் கருத்து, மென்மையாகி, நகத்தால் அழுத்தினால் பதியும் நிலையை அடைகிறது. அத்தகைய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. எண்ணெயிட்ட பின் துப்பாக்கியைச் சிலநேரம் குழல் கீழ்நோக்க வைப்பது இதைத் தவிர்க்கும் எளிய வழி.

கீழே விழுதல், அடிதடியில் தடியாகப் பயன்படுத்தல், வண்டியில் அழுந்துதல் ஆகியவற்றால் கழுத்து ஒரே கணத்தில் முறிவதும் உண்டு. இம்முறிவு பார்க்கக் கொடியதாக இருப்பினும், நார்கள் புதிதாகவும் நீளமாகவும் கிழிந்திருப்பதால் சரிசெய்வதற்கு எளியது. பல ஆண்டுகளாக மெல்ல வளர்ந்து, எண்ணெயும் அழுக்கும் ஏறிய மெல்லிய விரிசலே சீரமைப்பவருக்குக் கடினமானது.

லீ-என்பீல்டின் பழைய வடிவமான எசு.எம்.எல்.இ. ரைபிளுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. பின்கட்டையைப் பிடிக்கும் நீண்ட திருகாணியின் முன்முனை சதுரமாகச் செய்யப்பட்டு, முன்கட்டையின் பின்புறத்தில் பதித்த சிறு உலோகத் தகட்டின் பிளவில் நுழைந்து நிற்கும். திருகாணி தானாகத் தளராமல் இருக்கவே இந்த ஏற்பாடு. முன்கட்டையை முதலில் கழற்றாமல் பின்கட்டைத் திருகாணியைத் திருப்பினால், அச்சதுர முனை தகட்டைத் திருகி, முன்கட்டையின் பின்முனையை உள்ளிருந்தே பிளந்துவிடும். போரில் சேதமடையாமல் தப்பிய பல முன்கட்டைகள், பிற்காலத்தில் கழற்றும் வரிசை அறியாதவர்களின் திருப்புளியால் உடைந்தன.

வரலாற்று முறைகள்

18, 19ஆம் நூற்றாண்டுகளில் வட அமெரிக்காவின் எல்லைப்புறங்களில் முறிந்த கழுத்தை ஈரமான பச்சைத் தோலால் இறுகச் சுற்றித் தைத்துவிடுவர். தோல் உலரும்போது சுருங்கி, உடைந்த பகுதிகளை எந்தக் கிளாம்பும் தரமுடியாத அளவுக்கு இறுக்கிப் பிடிக்கும். அமெரிக்கப் பழங்குடியினர் பயன்படுத்திய துப்பாக்கிகளில் இத்தகைய தோல்கட்டுகளை இன்றும் அருங்காட்சியகங்களில் காணலாம். பித்தளை அல்லது தகரத் தகட்டைக் கழுத்தைச் சுற்றி வளைத்துச் சிறு ஆணிகளால் அடிப்பது மற்றொரு முறை. நகரத்துத் தொழிலாளர்கள் விலங்குத்தோல், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுத்த வச்சிரப்பசையைச் சூடாகப் பயன்படுத்தினர்.

20ஆம் நூற்றாண்டின் படைத்துறைகளில் இப்பணி ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. கட்டை முழுவதையும் மாற்றுவதற்குப் பதிலாக, சேதமுற்ற பகுதியை மட்டும் செதுக்கி எடுத்து, அதே அளவில் புதிய மரத்துண்டைப் பதித்து, பசையும் மரமுளையும் இட்டுப் பிடிக்க வைப்பது பிரித்தானியப் படைக்கலப் பணியாளர்களின் வழக்கமாக இருந்தது. பதித்த துண்டு விலகாதிருக்க அதன் ஓரங்கள் புறாவால் வடிவில் சாய்த்து வெட்டப்பட்டன. பல பழைய லீ-என்பீல்டுகளில் இத்தகைய ஒட்டுத்துண்டுகளைக் காணலாம். சேகரிப்பாளர்கள் இவற்றைக் குறையாகக் கருதுவதில்லை. துப்பாக்கியின் பணிவரலாற்றுச் சான்றாகவே மதிக்கின்றனர்.

முறிவு ஏற்படும் இடங்களை அறிந்து வடிவமைப்பையே மாற்றிய சான்றுகளும் உள்ளன. சப்பானின் அரிசாகா ரைபிள்களில் பின்கட்டையின் கீழ்ப்பகுதி தனி மரத்துண்டாகச் செய்து ஒட்டப்பட்டது. அதனால் சிறிய மரங்களும் பயன்பட்டன. ரேகைப் போக்கில் கீழ்முனை உடைந்து விழும் பழுதும் குறைந்தது. பின்லாந்து, மோசின்-நாகாந்து ரைபிள்கள் பலவற்றின் கட்டைகளை விரல்களைக் கோத்தது போன்ற பல்லிணைப்பால் இரு துண்டுகளாகச் செய்தது. செருமனி 1930களின் பிற்பகுதி முதல் பீச் மரத்தின் மெல்லிய தகடுகளை அடுக்கி ஒட்டிய கட்டைகளுக்கு மாறியது. லித்கோ தொழிற்சாலை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கோச்வுட் முன்கட்டைகளின் தாங்குமுகங்களில் சிறு செப்புத் தகடுகளைப் பதித்தது. மரம் நசுங்குவதை இது தடுத்தது.

மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையின் தீர்வு மிக எளியது. முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணியைச் செலுத்தி, அதன் இரு பக்கச் சுவர்களையும் பிளக்காமல் பிடித்துவைத்தனர். சேகரிப்பாளர்கள் இதை இன்றும் இச்சாப்பூர்த் திருகாணி என்றே அழைக்கின்றனர். 1960களில் அங்கே செய்யப்பட்ட 7.62 மி.மீ. ரைபிள்களிலும் இது தொடர்ந்தது. கையெறி குண்டுகளை ஏவும் ரைபிள்களில் முன்கட்டையையும் குழலையும் சேர்த்துக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டும் வழக்கமும் இருந்தது. அங்கே விசை வழக்கமான தோட்டாவினுடையதைவிடப் பன்மடங்கு கடுமையாக இருந்ததே காரணம்.

சீரமைக்கும் முறை

முதற்பணி, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தபின் உலோகப் பகுதிகள் அனைத்தையும் மரத்திலிருந்து பிரித்தல் ஆகும். விரிசல் எங்கே முடிகிறது என்பதை அறிய, மரத்தை மெல்ல வளைத்துப் பார்ப்பர். அல்லது விரைவில் ஆவியாகும் கரைப்பான் ஒன்றைத் தடவுவர். மேற்பரப்பு உலர்ந்தபின்னும் விரிசலின் கோடு சிறிதுநேரம் ஈரமாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டியும் விரிசல் சில மில்லிமீட்டர் சென்றிருப்பது வழக்கம்.

எண்ணெய் நீக்கமே பணியில் மிகுந்த பொறுமையைக் கேட்பது. சுண்ணாம்புக்கல் தூளை அசிட்டோனில் குழைத்து விரிசலின் மீது பூசி, காயவிட்டுத் தட்டி எடுக்க வேண்டும். மாவு எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாக மாறும். மாவு வெள்ளையாகவே உதிரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வர். ஆழ ஊறிய கட்டைக்குப் பல நாட்கள் ஆகலாம். மிதமான சூடு எண்ணெயை மேலே கொண்டுவரும். ஆனால் அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் சூடும் கரைப்பானும் ஒரே நேரத்தில் கூடாது. சோடாக்கார நீரில் கட்டையை ஊறவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது எண்ணெயோடு மரத்தின் நிறத்தையும் உறுதியையும் சேர்த்துக் குலைக்கும்.

முறிந்த முகங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. கிழிந்த நார்கள் ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கத்தில் அதற்கே உரிய பள்ளம் ஒன்று உண்டு. அவற்றை அப்படியே பொருத்தினால் இணைப்பு கண்ணுக்கே தெரியாது. ஒட்டும் பரப்பும் அதிகம். தேய்த்துவிட்டால் இவ்விரண்டும் போய்விடும். மடங்கி நிற்கும் சிறு சிம்புகளை மட்டுமே இடுக்கியால் நீக்கலாம். பசை இடுவதற்கு முன் துண்டுகளை வெறுமனே பொருத்தி, கிளாம்புகள் அனைத்தையும் மாட்டி ஒருமுறை ஒத்திகை பார்ப்பது கட்டாயம். துப்பாக்கிக் கட்டை எங்கும் வளைந்திருப்பதால் சாதாரணக் கிளாம்பு வழுக்கும். இருசக்கர வண்டியின் பழைய ரப்பர் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றுவது, எந்த வளைவிலும் சீரான அழுத்தம் தரும் மலிவான வழியாகும்.

மெல்லிய விரிசலுக்குள் பசையைச் செலுத்த, விரிசலைச் சிறிதே விரித்து, ஊசிக்குழலால் ஒரு பக்கம் பசை இட்டு, மறுபக்கத்திலிருந்து காற்றை உறிஞ்சுவர். எப்பாக்சிப் பசையை இலேசாகச் சூடாக்கினால் அது நீர்த்து ஆழமாக இறங்கும். ஆனால் கெட்டியாகும் நேரமும் அதற்கேற்பக் குறையும்.

முளையிடுதல்

கழுத்து முழுமையாக முறிந்திருந்தால் பசை மட்டும் போதாது. நார்களின் நுனிகள் நேருக்கு நேர் சந்திக்கும் இணைப்பில் பசை நாருக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். பிடிப்பு மிகக் குறைவு. நார்களின் பக்கங்கள் நீளவாக்கில் ஒன்றோடொன்று ஒட்டும்போது இணைப்பு மரத்தைவிட வலிமையாக இருக்கும். தச்சர்கள் இரு மரங்களை நீட்டி இணைக்கும்போது ஒன்றுக்கு எட்டு என்ற சாய்வில் வெட்டுவதற்கு அடிப்படை இதுவே. முறிவு நீண்ட சாய்வாக அமைந்திருந்தால் பசையே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். முறிவு குட்டையாக, ஏறத்தாழச் செங்குத்தாக இருந்தால், அதன் குறுக்கே முளை செல்ல வேண்டும்.

முளைக்கு மரம், மூங்கில், பித்தளை மரைத்தண்டு, கண்ணாடியிழைத் தண்டு ஆகியவை பயன்படுகின்றன. விசைப்பொறி அமரும் பள்ளத்தின் உட்புறத்திலிருந்தோ, பின்கட்டையின் அடித்தகடு மறைக்கும் இடத்திலிருந்தோ துளையிட்டால் வெளியே தெரியாது. முளை துளைக்குள் இறுகச் செல்லக்கூடாது. பசைக்கு ஒரு மில்லிமீட்டரில் சில பங்கு இடைவெளி வேண்டும். மரமுளையின் பக்கத்தில் நெடுக ஒரு பள்ளம் வெட்டாவிட்டால், அடியில் சிக்கிய பசையும் காற்றும் வெளியேற வழியின்றி, முளையை அடிக்கும்போது கட்டையே மீண்டும் பிளக்கும். உலோக முளை மரத்தோடு சேர்ந்து சுருங்கி விரிவதில்லை என்பதால் மிகத் தடித்த ஒன்றைவிட மெல்லியவை இரண்டு சிறந்தவை. இரண்டையும் வெவ்வேறு கோணங்களில் சாய்த்து இடுவர். அப்போது ஒன்று உருவ முயன்றால் மற்றொன்று தடுக்கும்.

லீ-என்பீல்டின் பின்கட்டையில் நடுவே நீண்ட திருகாணிக்கான துளை செல்வதால், கழுத்தில் முளைக்கு இடம் மிகக் குறைவு. எனவே அதன் பின்கட்டை கழுத்தில் முறிந்தால் மாற்றுவதே முறையான வழி. ஒட்டிச் சீரமைப்பது காட்சிப் பொருளாக வைக்கப்படும் துப்பாக்கிகளுக்கே பொருந்தும்.

பசைகள்

இன்று சுமை தாங்கும் இணைப்புகளுக்கு எப்பாக்சியே முதன்மையானது. அது உலரும்போது சுருங்குவதில்லை, சிறு இடைவெளிகளையும் நிரப்புகிறது. இரண்டு குறைகளை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் பசை முழுவதும் வெளியேறி இணைப்பு வறண்டுவிடும். அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண எப்பாக்சி 50 முதல் 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். கோடை வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய சீருந்தின் உட்புறம் இவ்வெப்பத்தை எளிதில் எட்டும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகைகள் மெதுவாக இறுகுபவற்றைவிட வலிமை குறைந்தவை.

தச்சுப் பட்டறைகளில் பயன்படும் வெள்ளைப் பசை புதிய, எண்ணெயற்ற, நன்கு பொருந்தும் முறிவுக்கு ஏற்றது. ஆனால் இடைவிடாத சுமையில் அது மெல்ல நழுவும் இயல்புடையது. நொடியில் ஒட்டும் சயனோ அக்ரிலேட்டு மயிரிழை விரிசல்களுக்குள் நன்றாக ஊடுருவும். அடி தாங்கும் இடங்களில் நொறுங்கும். பழைய வச்சிரப்பசைக்கு ஈரமும் வெப்பமும் ஆகா எனினும், அந்தக் குறையே அருங்காட்சியகங்களில் அதன் நிறையாகிறது.

விசைப்பாதையை மீட்டல்

ஒட்டும் வேலை முடிந்தபின் செய்ய வேண்டியது, பின்னுதைவு செல்ல வேண்டிய பாதையை மீட்பதாகும். உலோகத்தின் மீது விளக்குக் கரியையோ நீலச் சாயத்தையோ மெலிதாகப் பூசி, மரத்தில் அமர்த்தி எடுத்தால், உண்மையில் தொடும் இடங்கள் கறையாகத் தெரியும். தாங்குமுகங்கள் இரண்டிலும் கறை சமமாகப் பதிய வேண்டும். ஒன்றில் மட்டும் பதிந்தால் முழு விசையும் அங்கேயே விழுந்து அப்பக்கம் பிளக்கும். நசுங்கிய முகங்களைச் செதுக்கி, கடினமான மரத்துண்டைப் பதிப்பது பழைய முறை. ரேகை, விசை வரும் திசையில் இருக்கும்படி துண்டு பதிக்கப்பட வேண்டும், நுனிநார் நசுங்காது. எப்பாக்சியில் உலோகத்தூளோ கண்ணாடியிழைத் தூளோ கலந்து, அதன் மேல் உலோக உடலை அமர்த்தி அச்சு எடுப்பது புதிய முறை. உலோகத்தில் மெழுகோ காலணிப் பாலிசோ முழுமையாகப் பூசாமல் இதைச் செய்தால் துப்பாக்கியும் கட்டையும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிடும்.

ஒற்றைக் கட்டைத் துப்பாக்கிகளில் உலோக உடலின் வால்பகுதி கழுத்தின் மேல் மரத்தில் பதிந்திருக்கும். அவ்வாலின் பின்முனைக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய தாள் நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வால், ஒவ்வொரு முறை சுடும்போதும் விறகில் இறங்கும் ஆப்பு போலக் கழுத்தைப் பிளக்கும். வாலுக்குப் பின்னால் நேர்கோடாகத் தோன்றும் விரிசலுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். அதை ஒட்டிவிட்டு இடைவெளியை விடாமல் போனால், சீரமைத்த நாளிலிருந்தே அடுத்த விரிசல் தொடங்கும்.

மேற்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் மரபானது. பழைய கட்டையின் மேற்பரப்பு முழுவதையும் தேய்த்துப் புதிதாக்குவது, உற்பத்தி முத்திரைகளையும் மேற்பார்வையாளர் குறிகளையும் அழித்துவிடும். ஒட்டிய இடத்தை மட்டும் நிறம் ஒத்துவரச் செய்தால் போதும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்துப் போட்டால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அவற்றை விரித்து உலர்த்தியோ நீரில் நனைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

சோதித்தலும் கைவிடுதலும்

சீரமைத்த கட்டையை விரல் முட்டியால் தட்டினால் நல்ல மரம் தெளிவாக ஒலிக்கும். உள்ளே விரிசல் எஞ்சியிருந்தால் ஓசை உடைந்த மண்பானையினுடையது போல மங்கும். பசை முழுமையாக இறுகியபின், துப்பாக்கித் தொழிலர்கள் முதல் சில தோட்டாக்களைத் தோளில் வைத்துச் சுடுவதில்லை. தாங்கியில் பொருத்தித் தொலைவிலிருந்து விசையை இழுக்கின்றனர். சுடும்போது கழுத்து முறிந்தால், கூரிய சிம்புகள் நேராக உள்ளங்கைக்குள் செல்லும். உலோக உடல் முகத்தை நோக்கி வரும். பூஞ்சையோ கறையானோ அரித்த மரம், பல துண்டுகளாக நொறுங்கிய கழுத்து, ஒருமுறை ஒட்டி மீண்டும் அதே இடத்தில் விட்ட இணைப்பு ஆகியவற்றைச் சுடுவதற்காகச் சீரமைக்கக்கூடாது என்பது பொதுவான கருத்து. அணிவகுப்புப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்ட ரைபிள்களின் கட்டை எவ்வளவு நன்றாக இருப்பினும், அவற்றின் உலோகப் பகுதிகள் சுடுவதற்குத் தகுதியற்றவையாகக் கொள்ளப்பட வேண்டும்.

அருங்காட்சியகங்களில்

காட்சிக்கூடத்தில் உள்ள துப்பாக்கி மீண்டும் சுடப்படப் போவதில்லை. எனவே அங்கே வலிமையைவிட, செய்ததைத் திரும்ப நீக்கக்கூடிய தன்மையே முதன்மை பெறுகிறது. வெந்நீர் ஈரத்தில் இளகும் வச்சிரப்பசை, அசிட்டோனில் கரையும் பாரலாய்டு பி-72 என்னும் அக்ரிலிக் பிசின் ஆகியவற்றைப் பாதுகாப்பாளர்கள் விரும்புகின்றனர். பழங்காலத்தில் செய்யப்பட்ட தோல்கட்டு, தகட்டுப் பட்டை ஆகியவற்றை அவர்கள் அகற்றுவதில்லை. அவையும் பொருளின் வரலாறே. இதன்படி, எப்பாக்சியால் என்றென்றைக்குமாக ஒட்டப்பட்ட பழங்காலக் கட்டை, துப்பாக்கித் தொழிலருக்கு வெற்றியாகவும் பாதுகாப்பாளருக்கு இழப்பாகவும் தோன்றும். பழமையும் அருமையும் கொண்ட துப்பாக்கி ஒன்று உடைந்தால், அது சுடுவதற்கா, வைத்துக் காப்பதற்கா என்று முதலில் முடிவு செய்வது நல்லது.

இந்தியாவில்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கிகளைச் செய்தல், விற்றல் ஆகியவற்றோடு பழுதுபார்த்தலையும் உரிமம் தேவைப்படும் செயல்களுள் சேர்த்துள்ளது. எனவே சுடக்கூடிய துப்பாக்கியின் பழுதை உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலரிடமே ஒப்படைக்க வேண்டும். தச்சுப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்ய இயலாது.

0.303 ரைபிள்கள் இந்திய மாநிலக் காவல்துறைகளில் பல பத்தாண்டுகள் பணியில் இருந்தன. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 சனவரி 26 குடியரசு நாள் அணிவகுப்போடு அவற்றுக்கு விடைகொடுத்தது. அவ்வகைத் துப்பாக்கிகளின் முன்கட்டையில் குறுக்கே தெரியும் திருகாணித் தலை, இச்சாப்பூரில் மரம் பிளந்ததற்குக் கண்ட தீர்வின் அடையாளமாகும்.